மருமகனுக்கு எறக்கத்துல சாடணுமாம், கையில எழுபதாயிரம் ரூபா: எந்த வழி தேவலாம்?

எனக்க அக்கா மவன் காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கான். ஆறு மாசமா வீட்டுல ஒரே பேச்சு, மவுண்டன் பைக் வேணும், ரோட்டுல மிதிக்கிறதுக்கு இல்ல, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து எறக்கத்துல பயலுவ விடுற மாதிரி, பாறையில இருந்து சாடி ரெண்டு சக்கரமும் அந்தரத்துல நிக்கணும், அத ஒருத்தன் கீழ நின்னு வீடியோ புடிக்கணும். பார்ட் டைம் வேலை பாத்து நாப்பதாயிரம் சேத்து வச்சிருக்கான், மிச்சம் முப்பது மாமா தரணுமாம். அக்கா சொன்னது இவ்வளவுதான்: "லே தம்பி, நீதான் அவனுக்கு இந்தக் கிறுக்க புடிச்சு குடுத்த, நீயே முடிவு பண்ணு, ஏதாவது ஆச்சுன்னா உன்ட்டதான் கேப்பேன்."

நான் மார்த்தாண்டம் பக்கம், பன்னெண்டு வருஷமா மண்ணுல சைக்கிள் விடுறேன், வீரன் ஒண்ணும் இல்ல, ஒரு தடவ காறை எலும்ப ஒடச்சிருக்கேன், அந்தக் கதை பொறவு வரும். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா சோலி முடிஞ்சுதுன்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா பய வாங்காட்டாலும் கூட்டுக்காரனுக்க சைக்கிள வாங்கி விடத்தான் போறான், அப்போ தலையில ஹெல்மெட்டும் இருக்காது, வீட்டுல சொல்லவும் மாட்டான். அதனால பேப்பர எடுத்து வச்சு யோசிச்சேன், மூணு வழி தெரிஞ்சுது. ஒண்ணு, திருவனந்தபுரத்துல ஒருத்தர் விக்கிற செகண்ட் ஹேண்ட் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள், அறுபத்தஞ்சு கேக்குறாரு, மிச்சம் இருக்கிற அஞ்சாயிரத்துல ஒரு சாதா ஹெல்மெட். ரெண்டு, புது ஹார்டெயில், அதாவது முன்னால மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது, நாப்பத்தஞ்சுக்குள்ள வாங்கிட்டு இருபத்தஞ்ச ஹெல்மெட்டு, முட்டு பேடு, கையுறைன்னு ஒடம்புக்கு போடுறது. மூணு, இப்போ சைக்கிளே வாங்காம பெங்களூர் பக்கம் சொல்லிக்குடுக்கிற ஆளுங்ககிட்ட வாடகை சைக்கிள்ல நாலஞ்சு தடவ பெய்ட்டு பழகுறது, நாகர்கோவில்ல ராத்திரி ரயில் ஏறினா காலையில அங்க.

பயலுக்கு மொத வழிதான் புடிச்சிருக்கு, சொல்லவே வேண்டாம். முன்னாடி பின்னாடி 150 மில்லிமீட்டர் அமுங்குற சஸ்பென்ஷன், பாக்கவே பைக் மாதிரி இருக்கு. நியாயமா பாத்தா அவன் செய்ய நெனக்கிற வேலைக்கு அதுதான் சரியான சாமான், இதுல எனக்கு ஒண்ணும் சண்டை இல்ல. சைக்கிளோட வர்ற மேனுவல யாரும் படிக்கிறதில்ல, படிச்சா அதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. ஏஎஸ்டிஎம் எஃப்2043ன்னு ஒரு அளவுகோல் வச்சு சைக்கிள அஞ்சு வகையா பிரிச்சிருப்பாங்க. ஒண்ணாவது தார் ரோடு மட்டும். ரெண்டாவது மண் ரோடும் சேத்து, சக்கரம் 15 சென்டிமீட்டருக்கு மேல கீழ சாடக்கூடாது. மூணாவது கரடுமுரடு பாதை, 61 சென்டிமீட்டர் வரைக்கும். நாலாவது 122 சென்டிமீட்டர் வரைக்கும், நாலடி. அஞ்சாவதுதான் எக்ஸ்ட்ரீம், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல எறங்குறது, பெருசா சாடுறது எல்லாம். நம்ம கடையில கிடைக்கிற ஹார்டெயில் பெரும்பாலும் மூணாவது வகை. அதாவது ரெண்டடிக்கு மேல சாடினா ஃப்ரேம் விட்டுக்குடுத்தாலும் கம்பெனிய குத்தம் சொல்ல முடியாது, அவன் முன்னாடியே எழுதி வச்சுட்டான்.

இன்னொரு கூத்து உண்டு, பன்னெண்டாயிரம் ரூபாய்க்கு டபுள் சஸ்பென்ஷன்னு விக்கிறது. அது நடுவுல ஒரு ஸ்பிரிங்கு, அவ்வளவுதான், ஆட்டம் மட்டும் நல்லா ஆடும். சாடுறதுக்கு உள்ளதில்லன்னு பல கம்பெனிக்காரனே ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புறான், கடையில தொடைக்கும்போது அது போயிரும். அத ஒரு வழியாவே நான் எடுக்கல.

சரி, அறுபத்தஞ்சு கேக்குற சைக்கிள பாக்க ஒரு ஞாயித்துக்கெழம போனோம். நல்ல மனுசன், டீ எல்லாம் குடுத்தாரு. ஆனா ஏழு வருஷம் ஓடின வண்டி, எங்க எப்படி விழுந்துதுன்னு அவருக்கே ஞாபகம் இருக்காது. நான் டார்ச் அடிச்சு ஹேண்டில் சேருற எடத்துக்கு கீழ வெல்டிங்க பாத்தேன், மயிரிழை மாதிரி பெயின்ட் வெடிச்சிருந்துது. பெயின்ட்டா அலுமினியமான்னு அங்க வச்சு சொல்ல முடியாது, அலுமினியம்னா அது வளையாது, ஒரு நாள் படார்னு விடும். பின் சக்கரத்த புடிச்சு பக்கவாட்டுல ஆட்டினா லேசா ஆட்டம், பின் பாகம் அசையிற மூட்டுல உள்ள பிவட் பேரிங் போயிருக்கு. பின் ஷாக்குக்கு சர்வீஸ் நம்ம மாவட்டத்துல செய்ய ஆள் எனக்குத் தெரியல்ல, கொரியர்ல அனுப்பணும். அப்புறம் சின்னதா தெரியிற ஒரு பெரிய விஷயம்: அது வெளிநாட்டுல இருந்து வந்த வண்டி, இடது கையில முன் பிரேக். நம்ம ஊர்ல பெரும்பாலும் வலது கைதான் முன் பிரேக், பைக்கும் அப்படித்தான். பயந்த நேரத்துல மூளை யோசிக்காது, கைதான் யோசிக்கும், பின் பிரேக்குன்னு நெனச்சு இடது கைய இறுக்கினா ஆளு ஹேண்டிலுக்கு மேல போயிருவான். மாத்திக்கலாம், பிரேக் குழாய, அதான் ஹோஸ, மாத்தி பிடிக்கணும், ஆனா கூட்டுக்காரன் சைக்கிள ஒரு ரவுண்டு வாங்கி விடுறவன் எவன் அத பாக்கான்.

பிரேக்குன்னு சொல்லும்போது ஞாபகம் வருது, இந்த வெளையாட்டு ஆரம்பிச்சதே பிரேக் எரிஞ்ச கதைதான். அமெரிக்காவுல கலிஃபோர்னியா மரின் கவுண்டியில பயலுவ பழைய தடி டயர் சைக்கிள மலையில ஏத்திட்டுப் போய் எறக்கத்துல பந்தயம் விட்டாங்க, 1976 அக்டோபர்ல மொத பந்தயம். பின்னால மிதிச்சா புடிக்கிற கோஸ்டர் பிரேக், எறங்கி முடிக்கும்போது சூட்டுல உள்ள இருக்கிற கிரீஸ் எல்லாம் எரிஞ்சு புகையா போயிருமாம், மறுபடி பிரிச்சு கிரீஸ் பேக் பண்ணணும், அதனால பந்தயத்துக்கே ரீபேக்னு பேரு. அப்பவே ஒவ்வொரு தடவையும் பிரேக்க பிரிச்சு பாத்துட்டுத்தான் அடுத்த தடவ ஏறினாங்க. நம்ம பயலுவ பேட் தேஞ்சு இரும்பு கீச்சுன்னு கத்துறப்பவும் பாட்டு போட்டுட்டு எறங்குதுவ.

இப்போ ஹெல்மெட்டு, எனக்கு இதுலதான் முடிவு மாறுச்சு. கணக்கு ஒண்ணு போட்டு பயலுக்கு காட்டினேன், என்ஜினியரிங் படிக்கிறவன்தானே. மணிக்கு 20 கிலோமீட்டர்ல போய் நேரா ஒண்ணுல மோதினா அது 5 அடி உயரத்துல இருந்து தலைகுப்புற விழுறதுக்கு சமம். 40ல போனா ரெட்டிப்பு இல்ல, நாலு மடங்கு, 20 அடிக்கு மேல, அதாவது ரெண்டு மாடி வீட்டு மொட்டை மாடி. சாதா சைக்கிள் ஹெல்மெட்டுக்கு ஐரோப்பாவுல உள்ள இஎன் 1078 சோதனைய பாத்தா சமதள இரும்புல ஒன்றரை மீட்டர்ல இருந்து போடுறதுக்கு சமமான வேகம், அமெரிக்காவுக்க சிபிஎஸ்சி சோதனையில ரெண்டு மீட்டர். கீழ விழுந்து வழுக்கிட்டு போறப்போ தலை தரையில தட்டுற அடிக்கு இது பரவாயில்ல, அது பெரும்பாலும் நம்ம உயரத்துல இருந்து விழுற அடிதான். ஆனா ரப்பர் மரத்துல நேரா போய் மோதுறவனுக்கு அந்த கணக்கு இல்ல, மொத்த வேகமும் அந்த ஒரு எடத்துல. ரப்பர் தோட்டத்துல பதினஞ்சு அடிக்கு ஒரு மரம் நிக்குது, இத யோசிச்சுக்கணும்.

ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டு தாடையையும் பல்லையும் காப்பாத்தும், ஏஎஸ்டிஎம் எஃப்1952ன்னு டவுன்ஹில்லுக்குன்னே, அதான் வேகமா எறக்கத்துல விடுறதுக்குன்னே, உள்ள சோதனையில தாடைப் பட்டையும் சேத்து பாப்பாங்க. வாங்கும்போது உள்ள அந்த எண்ணு இருக்கான்னு பாக்கணும், பாக்க ஃபுல் ஃபேஸ் மாதிரி இருக்கிறது எல்லாம் அது இல்ல. மிப்ஸ்னு ஒரு மஞ்ச லேயர் போட்டு வருது, சுவீடன்காரங்க கண்டுபிடிச்சது, தலை சரிஞ்சு தட்டும்போது பத்து பதினஞ்சு மில்லிமீட்டர் உள்ள வழுக்கி அந்த திருகலக் கொஞ்சம் கொறைக்கும், காசு இருந்தா நல்லது. பயலுக்க கூட்டத்துல நெறய பேர் வீட்டுல கிடக்கிற பைக் ஹெல்மெட்ட, அதான் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளத, போட்டுட்டு வாறானுவ. அது மோசம்னு சொல்ல மாட்டேன், ஒண்ணுமே இல்லாததுக்கு எவ்வளவோ மேல். ஆனா ஒன்றரை கிலோ, காத்து போகாது, நம்ம ஊரு புழுக்கத்துல ஏத்தத்துல கழட்டி ஹேண்டில்ல மாட்டுவான், மேல போன பொறவு ஒரு தடவதானேன்னு மாட்டாமலே எறங்குவான். அரை கிலோ கொறஞ்ச ஹெல்மெட்டு தலையில இருக்கும்ங்கிறதுதான் அதோட பெரிய பாதுகாப்பு.

இதுக்கு எதிர்ப்பேச்சும் நானே சொல்லிக்கிறேன். ஃபுல் ஃபேஸ் போட்ட அன்னைக்கு நான் வேகமாத்தான் விட்டேன், உண்மைய சொல்லணும்னா. முட்டுக்கு பேடு போட்டா முட்டு இரும்பாயிட்டுன்னு ஒரு நெனப்பு. அதனால கியர் வாங்கிக் குடுத்தா மட்டும் பய பத்திரமா இருப்பான்னு நம்பி அந்த இருபத்தஞ்சாயிரத்த போடல. அமெரிக்காவுல யூட்டாவுல ரேம்பேஜ்னு ஒரு போட்டி, இந்த வெளையாட்டுல அதுக்கு மேல ஒண்ணு இல்ல, செங்குத்து மண்மலையில இருந்து சாடுவாங்க. 2015ல பால் பசகோய்ட்டியான்னு ஒரு தேர்ந்த ஆளு, ஹெல்மெட்டு எல்லாம் போட்டவர்தான், விழுந்து முதுகெலும்பு ஒடஞ்சு இடுப்புக்கு கீழ செயலில்லாம போயிட்டு, பொறவு ரொம்ப பாடுபட்டுத்தான் கொஞ்சம் நடக்க வந்துது. ஹெல்மெட்டு முதுகெலும்ப காப்பாத்தாது. ஆனா அந்த போட்டியில எனக்கு புடிச்சது வேற, அங்க எறங்குற பாதைய போட்டிக்காரனே, கூட ரெண்டு பேர வச்சுட்டு, நாள்கணக்குல மம்பட்டியும் பிக்காசும் வச்சு வெட்டுறான். ஒரு ரெண்டு நிமிஷ எறக்கத்துக்கு நாலஞ்சு நாள் மண்ணு வேலை. எந்த கல்லு ஆடும், எந்த எடத்துல மண்ணு இளகும், சாடினா எங்க விழணும்னு அவனுக்கு காலே சொல்லும். காத்து அடிச்சா உச்சியில உக்காந்து காத்திருப்பாங்க, போட்டியையே தள்ளி வைப்பாங்க. வீடியோவுல இந்த உக்காந்திருக்கிறத காட்ட மாட்டான்.

நம்ம பயலுவ செய்யிறது நேர் எதிர். அவனுக்கு தெரியாத எறக்கத்துல, வேறொருத்தன் போட்ட டயர் தடத்த பாத்துட்டு எறங்குறான். எனக்க காறை எலும்பு ஒடஞ்சதும் அப்படித்தான். சின்ன மரம் நட்ட தோட்டம், மண்ணு ஓடாம இருக்க கொடிப்பயிறு படர விட்டிருந்தாங்க, பாக்க பச்சை மெத்தை மாதிரி. மழைத்தண்ணி எறங்க தட்டுக்கு தட்டு குழி வெட்டி வச்சிருப்பாங்க, ஆள் படுக்கிற நீளம் இருக்கும், கொடி மூடினா ஒண்ணும் தெரியாது. முன் சக்கரம் அதுக்குள்ள போச்சு, நான் மேல போனேன். ஹெல்மெட்டு பின்னால வெடிச்சிருந்துது, அத நான் பாத்தது ரெண்டு வாரம் கழிச்சுதான், அதுவரைக்கும் நல்லா இருக்குன்னு நெனச்சேன். உள்ள இருக்கிற தெர்மாகோல் ஒரு தடவ நசுங்கினா அதோட தீந்துது, வெளிய ஒண்ணும் தெரியாட்டாலும் தூரப் போடணும்.

அடுத்து செஞ்சதுதான் பெரிய மடத்தனம். நம்ம மாவட்டத்துல எலும்பு ஒடஞ்சா கால் தன்னால எலும்பு வைத்தியம் பாக்கிற ஆசான் வீட்டுக்குத்தான் போவும், வர்மமும் எண்ணெய்க் கட்டும் இங்க காலங்காலமா உள்ளது, காறை எலும்புக்கு அவரு கட்டின கட்டு எனக்கு நல்லாத்தான் சேந்துது, அதுல கொறை இல்ல. ஆனா விழுந்த அன்னைக்கு ஒரு பத்து நிமிஷம் எனக்கு எங்க இருக்கேன்னே தெரியல, ராத்திரி ரெண்டு தடவ வாந்தி, அத பித்தம்னு சொல்லி சுக்குக்காப்பி குடிச்சிட்டு படுத்தேன். கூட வந்தவனும் தூங்கட்டும்னு விட்டுட்டான். தப்பிச்சது எனக்க புத்தியால இல்ல. தலையில அடிபட்டு வாந்தி, தலைவலி கூடிட்டே போறது, பேச்சு கொழர்றது, கண்ணுமணி ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது, மூக்குல காதுல தண்ணி மாதிரி ஒழுகுறது, இதுல ஒண்ணு இருந்தாலும் ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு அப்பவே போணும், ஆசானுக்கு பொறவு வணக்கம் வைக்கலாம். கழுத்து வலிக்குன்னு சொன்னா தூக்கி உக்கார வைக்கக் கூடாது, மூச்சு நல்லா வந்தா ஹெல்மெட்டையும் புடிச்சு இழுக்கக் கூடாது, 108க்கு சொல்லிட்டு அப்படியே கிடத்தணும். இன்னொண்ணு, ஹேண்டில் முனையில ஒரு ரப்பர் மூடி இருக்கும், அஞ்சு ரூபா சாமான், அது போயிட்டா முனை வெறும் குழாய். விழும்போது வயித்துல குத்தினா வெளிய ஒரு வட்டத் தழும்பு மட்டும் தெரியும், உள்ள மண்ணீரலோ கல்லீரலோ கிழிஞ்சிருக்கலாம், பல மணி நேரம் கழிச்சுத்தான் ஆளு மயங்குவான். மூடி இல்லாம ஒரு நாளும் வண்டிய எடுக்காதேன்னு பயலுக்கு சொல்லியிருக்கேன்.

அப்போ எங்க விடுறது, இதுவும் சைக்கிள் வாங்குற அளவுக்கு முக்கியம். மருந்துவாழ்மலைய அவனுக்க கூட்டத்துல ஒருத்தன் சொன்னான், படியில எறங்கினா வீடியோ சூப்பரா இருக்குமாம். நான் அதிலயே கைய எடுத்து கும்பிட்டேன். அது கிழவியும் கொச்சுப்பிள்ளையும் கும்பிட ஏறுற மலை, நாராயண குரு தவம் இருந்த குகை அங்க இருக்கு, ஒரு திருப்பத்துல யாரு வாறான்னு தெரியாது. நீ விழுந்தா உன்னோட போவும், இன்னொருத்தி மேல விழுந்தா என்ன செய்வ. நடந்து வாறவங்களுக்கு வழி விடணும், மூடின பாதையில போகக்கூடாது, மிருகத்த மெரட்டக் கூடாதுன்னு சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் வச்சிருக்கிற விதியிலயே இதெல்லாம் உண்டு.

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காடு அழகுதான், ஆனா 2008ல இருந்து அது கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம், ஃபாரஸ்ட்ல அனுமதி இல்லாம உள்ள போறது வழக்கு. அதுக்கு மேல ஆனை. எறக்கத்துல சத்தமில்லாம வாற சைக்கிளும் ஆனையும் ஒரு திருப்பத்துல பாத்துக்கிட்டா என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டாம். 2018 மார்ச்ல குரங்கணி மலையில காட்டுத்தீயில மலையேறப் போன இருபதுக்கு மேல ஆளு செத்துது, அதுக்குப் பொறவு மலையேத்தத்துக்கே கெடுபிடி கூடிட்டு, நியாயம்தான். அங்க விழுந்தா ஃபோன்ல டவரும் கெடைக்காது.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கரண்டு எடுக்கிற காத்தாடிக்கு போற சரல் ரோடு இருக்கு, மரம் இல்ல, கண்ணுக்கு எட்டின தூரம் தெரியும், மொதல்ல பழக எனக்கு அது நல்ல எடமா பட்டுது, அதுவும் காத்தாடிக்காரங்ககிட்ட கேட்டுட்டுத்தான். ஆனா காத்தாடிய அங்க சும்மா வைக்கல. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் கணவாய் வழியா அடிக்கிற காத்துல நேரா நிக்கிற ஆளே ஆடுவான், சக்கரம் தரைய விட்டு எழும்பின ஒடனே பக்கத்துல தள்ளிரும். டிசம்பர், ஜனவரியில ஓட்டலாம், சாட வேண்டாம். சானல் கரை எல்லாம் சமதளம், மூச்சு பழக நல்லது, அவனுக்கு போர் அடிக்கும்.

மிச்சம் இருக்கிறது ரப்பர் தோட்டம், அவன் கேட்டதும் அதுதான். அடுத்தவன் தோட்டம்னா மொதலாளிட்ட கேக்கணும், கேக்காம போறவன் விழுந்தா தூக்கிட்டு வர ஆள் கூப்பிடவும் யோசிப்பான், எனக்கு தெரிஞ்சே ஒருத்தன் ஒடஞ்ச கையோட ரோடு வரைக்கும் நடந்து வந்துட்டுத்தான் ஃபோன் பண்ணினான். வெள்ளன பால் வெட்டுற ஆளுங்க உள்ள நிப்பாங்க, பொறவு பால் எடுக்க ஒரு நடை, மத்தியானத்துக்கு மேலதான் தோட்டம் காலி. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் இலை உதிரும், அதுக்கு கீழ வேரும் கல்லும் தெரியாது, பிரேக் புடிச்சா எண்ணெயில புடிச்ச மாதிரி வழுக்கும். மழையோ நம்ம மாவட்டத்துக்கு ஜூன்லயும் உண்டு, ஐப்பசியிலயும் உண்டு. கூட்டிக் கழிச்சா வருஷத்துல சாட நல்ல நாளு ரொம்ப இல்ல, அத மொதல்லயே பயலுக்கு சொல்லிட்டேன், மூஞ்சி சின்னதாச்சு.

மூணாவது வழிய நான் சுலபமா தள்ளல. சொல்லிக்குடுக்க ஆள் இருந்தா விழுறதையும் சேத்து சொல்லிக்குடுப்பான், கைய நீட்டி ஊனாம எப்படி உருளணும், குதிகால கீழ எறக்கி எடைய எப்படி பின்னால போடணும், எந்த எடத்துல எறங்கி தள்ளணும். நான் பன்னெண்டு வருஷத்துல தப்பா பழகினத அவன் நாலு நாள்ல சரியா பழகுவான். பாதைக்கு நிறம் போட்டு வச்சிருப்பான், பச்சை வட்டம் சுலபம், நீல சதுரம் நடுத்தரம், கறுப்பு டைமண்ட் கஷ்டம், ரெட்டை கறுப்புன்னா வேண்டாம் மக்கா. சேரும்போது ஒரு பேப்பர்ல கையெழுத்து கேப்பான், என்ன நடந்தாலும் என் சொந்தப் பொறுப்புன்னு. எல்லாரும் அதப் படிக்காம போடுவாங்க. நான் பயலுக்கு அத ஒரு தடவ உரக்கப் படிச்சு காட்டினேன், அடிபட்டா செலவு, வேலை போனா சம்பளம், அடுத்தவனுக்கு அடி பட்டா அதுவும் யாரு தலையிலன்னு ஒவ்வொண்ணா. ரப்பர் தோட்டத்துல அந்தப் பேப்பர் இல்ல, அதனால பொறுப்பும் இல்லன்னு ஆயிராது, அங்க கையெழுத்து போடாம போட்டாச்சு. நாலு நடைக்கு ரயில், தங்க, வாடகை, சொல்லிக்குடுக்க கூலின்னு எழுபதுல பாதிக்கு மேல போவும், திரும்பி வந்தா கையில சைக்கிள் இல்ல. பயலுக்கு அதுதான் ஏத்துக்க முடியல்ல.

காசுன்னு வரும்போது இன்னொண்ணு. அக்கா கேட்டா, ஏதாவது ஆச்சுன்னா கவர்மென்ட் பாத்துக்கும்லான்னு. 2021 டிசம்பர்ல வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்துல மொத 48 மணி நேர சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரைக்கும் அரசே குடுக்குது, பெரிய விஷயம்தான், ஆனா அது சாலை விபத்துக்கு, தோட்டத்துக்குள்ள பாறையில இருந்து நீயா சாடினது சாலை விபத்து இல்ல. ஹெல்த் இன்சூரன்ஸ்ல சாகச வெளையாட்டுக்கு ஒரு விலக்கு இருக்கு, அதுல தொழில்முறையா கலந்துக்கிட்டான்னுதான் எழுதியிருக்கும், பொழுதுபோக்குக்கு விடுறவன் அதுல வரமாட்டான், ஆனா விபத்து பாலிசின்னு தனியா எடுக்கிறதுல வாசகம் வேற வேற மாதிரி இருக்கும், ஏஜென்ட் வாயால சொல்றத விட்டுட்டு தாள வாங்கி படிக்கணும். ரீல்ஸ் போட்டு காசு வாங்க ஆரம்பிச்சா தொழில்முறைன்னு ஒருத்தன் சொல்லவும் எடம் உண்டு, எனக்கு அப்படி ஒரு சந்தேகம்.

கடைசியா நான் எடுத்த முடிவு ரெண்டாவது வழி, மூணாவதுல கொஞ்சம் கலந்து. ஹார்டெயில் நாப்பத்திரண்டாயிரத்துக்கு பேசியிருக்கு, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ளது. ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டு, முட்டுக்கும் முழங்கைக்கும் பேடு, முழுவிரல் கையுறை, எல்லாம் சேத்து பதினாறு. மிச்சம் பன்னெண்டுக்கு ஒரே ஒரு தடவ பெங்களூர் பெய்ட்டு ரெண்டு நாள் பழகிட்டு வரணும், அதுக்குப் பொறவுதான் இங்க ஏத்தம் எறக்கம் எல்லாம். ஹார்டெயில்ல பின்னால அமுங்காது, தப்பா எறங்கினா அப்பவே குறுக்கெலும்புல அடி வாங்கும், வண்டி தப்ப மறைக்காது, பழகுறவனுக்கு அது நல்லதுன்னு எனக்கு ஒரு எண்ணம், பயலுக்கு இல்ல. ஃபுல் சஸ்பென்ஷன்தான் பத்திரம்னு சொல்றவங்க உண்டு, நல்ல நெலமையில உள்ள வண்டின்னா நானும் ஒத்துக்குவேன், வெல்டிங்கில கோடு விழுந்தத ஒத்துக்க மாட்டேன்.

எடம், எங்க அப்பாவுக்க விளை, ஒண்ணேகால் ஏக்கர், பழைய ரப்பர் வெட்டியாச்சு, ஒரு சரிவு இருக்கு, மேல இருந்து பாத்தா கீழ வீடு தெரியும், கூப்பிட்டா கேக்கும், ஆம்புலன்ஸ் முத்தம் வரைக்கும் வரும். நான் வச்ச மொத நிபந்தனை: எதுல சாடணுமோ அத நீயே வெட்டு. யாரையும் கூலிக்கு விடக்கூடாது, ஜேசிபி கூடாது. மூணாவது வகை வண்டி, அதனால ரெண்டடிக்கு மேல மேடு கூடாது. நடந்து எறங்கி காலால தெரிஞ்ச பொறவுதான் சக்கரம், மழை பெஞ்சா ரெண்டு நாள் லீவு, தனியா ஒரு நாளும் கூடாது, கூட நிக்கிறவன் கையில சார்ஜ் உள்ள ஃபோன் இருக்கணும், அவன் வீடியோ எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி ஒண்ணுக்குத்தான் பெரிய சண்டை நடந்துது. வாரத்துல ஒரு நாளு மட்டும் எடுக்கலாம்னு ஒத்துக்கிட்டேன், நானும் கெஞ்சினா எளகுற ஆளுதான்.

வெட்ட ஆரம்பிச்சு இப்போ மூணு வாரம். மொத வாரத்துல ஆறடி மேடு போடுறேன்னு நின்னவன், ரெண்டாவது வாரத்துல கையில கொப்பளம் வந்து நாலடிக்கு வந்தான், இப்போ ரெண்டடியில நிக்குது, நான் ஒரு வார்த்தை சொல்லல. எறங்குற எடத்துல ஒரு பழைய மழைக்குழி கிடந்தத அவனேதான் கண்டுபிடிச்சு மண்ணு போட்டு மூடினான், எனக்கே அது ஞாபகம் இல்ல. சைக்கிள் வர இன்னும் பத்து நாளாவும். ஹெல்மெட்டு வந்துட்டு, அத போட்டுட்டுத்தான் சோறு திங்கான், தாடைப் பட்டைக்கு அடியில வழியா மரச்சீனிக் கிழங்க திணிக்கிறத பாக்கணும். நேத்து அக்கா கட்டன்சாயா எடுத்துட்டு விளைக்கு வந்தா, மேட்டையும் பாத்தா, அவனையும் பாத்தா, பொறவு என்ட்ட மெதுவா கேட்டா, "இவ்வளவும் செய்யிறதுக்கு சைக்கிள வாங்காம இருந்தா இன்னும் செலவு கொறயுமேலே?" பய மேல நின்னு மம்பட்டியோட எங்களையே பாத்துட்டு இருந்தான், நான் சாயாவ குடிச்சிட்டு கப்ப திருப்பிக் குடுத்தேன்.